நாலே முக்கால்

6-2-1967, திங்கள்

பப்பாளி மரத்தடியில் புதைத்த சோழி நாறுகிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து மறுபடியும் ஆள் வந்தது. நாறத்தான் செய்யும். உள்ளே இருக்கிற ஜீவன் செத்து, எறும்பு தின்று முடித்து, ஓடு காலியாக மூன்று வாரம் பிடிக்கும். இன்னும் எட்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினேன். டெய்ரி ஃபார்ம் என்கிற இந்தப் பேட்டைக்குக் குடிவந்த நாளிலிருந்து இந்தத் தெருவில் எனக்கு இருக்கிற ஒரே கெட்ட பெயர் இந்த நாற்றம்தான்.

பத்துச் சோழிப் பெட்டி முடிந்திருக்கிறது. நாளைக்கு பஜார் போகணும்.

7-2-1967, செவ்வாய்

பேனா முள் காகிதத்தைக் கிழிக்கிறது. கோபத்தில்.

தீவின் பெரிய கடைவீதியான அபர்டீன் பஜாரில் சொக்கலிங்கம் அண்ணன் கடை. சோப்பு, சீப்பு, குடை, அதோடு நான் செய்கிற சோழிப் பெட்டி. மூன்று வருஷமாக அவரிடம்தான் கொடுக்கிறேன். பெட்டிக்கு இரண்டு ரூபாய், பலகை, பசை எல்லாம் என் செலவு. அந்த மனிதரிடம் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு தடவை "தங்கச்சி" என்று கூப்பிடும்போதும் விலை நாலணா இறங்கும். இன்றைக்கு ஏற்கெனவே இறங்கிக் கிடக்கிற விலை, ஆகையால் இரண்டு தங்கச்சியோடு நிறுத்திக்கொண்டார்.

நோட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது தலையைத் தூக்கினேன். அலமாரியில் என் பெட்டி. போன மாதம் கொடுத்தது, மூடியில் வெள்ளைச் சோழியைப் பூ மாதிரி வைத்தேனே, அதுவேதான். அடியில் ஒரு காகிதம். ரூ. 6.

என்ன அண்ணே இது என்று கேட்டேன். கோபப்படவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"கடை வாடகை யார் குடுப்பா தங்கச்சி? நம்ம தமிழாளுன்னுதான் உன்கிட்ட வாங்கறேன். நீ வீட்டுல சும்மா இருக்கற நேரத்துல செய்யறதுதானே?"

சும்மா இருக்கற நேரம்.

அவர் கொடுத்த நோட்டை மேஜையில் வைத்துவிட்டு, பத்துப் பெட்டியையும் பையில் திரும்பப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் பை கனத்தது. வீட்டில் எண்ணெய் இல்லை, அதுவும் ஞாபகம் வந்தது. வரட்டும்.

9-2-1967, வியாழன்

இவர் ஆபீசில் மஸ்டர் ரோல் எழுதுகிறவர். தினக்கூலிக்காரர்களின் பெயரும் நாளும் கூலியும் இவர் கையால்தான் ஏறும். சாப்பிடும்போது கேட்டேன்.

"என்னங்க, ஒரு மஸ்தூருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு?"

"மூணரை. எதுக்கு?"

"நான் ஒரு நாள் உட்கார்ந்து ஒரு பெட்டி முடிக்கிறேன். அப்ப எனக்கும் மூணரைதானே?"

ரசத்தைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "அவன் வேலையைப் பார்க்க மேஸ்திரி இருக்கான் மங்கை. உன் வேலையை யார் பார்க்கிறா?"

யாரும் பார்க்க வேண்டாம். நானே பார்த்துக்கொள்கிறேன். பாத்திரம் கழுவியதும் உட்கார்ந்து எழுதினேன்:

பலகை (ஆலையில் கழித்துப்போட்ட படாக் மரத் துண்டு, தச்சர் அறுத்துக் கொடுப்பது உட்பட) 0.50
சோழி, சிப்பி 0.35
வஜ்ஜிரப் பசை, உள்ளே ஒட்டுகிற சிவப்புத் துணி 0.25
உடைந்தது 0.15
கூலி 3.50

மொத்தம் 4.75.

நாலாவது வரியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சோழி பலகையில் உட்கார வேண்டுமானால் அதன் முதுகைக் கல்லில் தேய்த்துத் தட்டையாக்கணும். ஐந்தில் ஒன்று உடையும். உடைந்ததை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன், ஏன் என்று எனக்கே தெரியாது. சோழியோடு சேர்ந்து என் விரலும் தேய்கிறது. போன வருஷம் கோஆப்பரேட்டிவில் என் கட்டை விரலை உருட்டிப் பார்த்த ஆள், ரேகையே விழலையே அம்மா, கையெழுத்தே போடுங்க என்றான்.

இதுவரை கூலி என்று எனக்குக் கிடைத்தது ஒரு நாளைக்கு முக்கால் ரூபாய். மூன்று வருஷம். வெட்கமாக இருக்கிறது. அவர் ஏமாற்றினார் என்பதற்காக இல்லை. நான் ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்க்கவில்லையே, அதற்காக.

இனி நாலே முக்கால். ஒரு பைசா குறையாது.

20-2-1967, திங்கள்

இன்றைக்கு ஒரு பெரிய ஆள் வீடு தேடி வந்தார். ஹரிபத பாபு. தீவுச் சாமான்களை வாங்கிக் கல்கத்தாவுக்கு அனுப்புகிறவர். யாரோ ஆபீசர் வீட்டில் என் பெட்டியைப் பார்த்தாராம். கறுப்புக் குடையை வாசலில் சாத்திவிட்டு, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியை மூடி, காதோரம் வைத்து ஆட்டினார். எதுவும் உதிரவில்லை.

"கித்னா, தீதி?" என்றார். எவ்வளவு என்கிறார்; தங்கச்சி போய் அக்கா.

குரலை இறக்கவில்லை. "பௌனே சார்" என்றேன். இந்தியில் சார் என்றால் நாலு. நாலே முக்கால்.

"டீக் ஹை, தீதி."

அவ்வளவுதான். பேரமே இல்லை. நூறு பெட்டி வேண்டுமாம், ஏப்ரல் கடைசிக் கப்பலுக்கு. ஐம்பது ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். நியாயமான விலையை நிமிர்ந்து சொன்னால் எதிராளிக்குப் பேச்சே வராது போலிருக்கிறது. ஒன்பது வருஷம் இந்தத் தீவில் கற்ற இந்திக்கு இன்றைக்குத்தான் பலன்.

23-2-1967, வியாழன்

நூறு பெட்டி ஒருத்தி கையால் ஆகாது. சிப்பிகாட் கிராமத்திலிருந்து பூங்கோதை வருகிறாள். இருபத்திரண்டு வயசு, புருஷன் தோட்டவேலை. காலை பஸ்ஸில் வந்து சாயந்தரம் போகிறாள். நாள் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் என்றேன். வாயெல்லாம் பல். கை சுத்தம், வேகம். நான் தேய்த்தால் ஐந்தில் ஒன்று உடைகிறது, அவள் தேய்த்தால் எட்டில் ஒன்று.

4-3-1967, சனி

இருபது ஆயிற்று. வீடு முழுக்க வஜ்ஜிர வாடை. இவர் சோற்றை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

12-3-1967, ஞாயிறு

எழுதவே கூசுகிறது.

அன்னம்மாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு தெரு தள்ளி. அவள் தாத்தா காலத்திலேயே இங்கே வந்த குடும்பம். கனவுகூட இந்தியில்தான் காண்பாள். நான் பெருமையாக, பேரமில்லாமல் பௌனே சார் என்று முடித்தேன் என்றேன்.

அவள் மாவு பிசைகிற கையை நிறுத்தினாள். "மூணே முக்காலுக்கா குடுத்தே?"

"இல்லைக்கா. நாலே முக்கால்."

"அரே, பௌனே சார்னா மூணே முக்கால்டி."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சவா சார் என்றால் நாலே கால். சாடே சார் என்றால் நாலரை. அப்போ பௌனே சார் நாலே முக்கால்தானே? நாலும் முக்காலும்.

"சவா கூட்டும். சாடே கூட்டும். பௌனே மட்டும் கழிக்கும். பௌனே சார்னா நாலுக்குக் கால் கம்மி. நீ சொல்லியிருக்க வேண்டியது பௌனே பாஞ்ச், அஞ்சுக்குக் கால் கம்மி. பாகல் ஆயிட்டியா, ஒன்பது வருஷமா இங்கதானே இருக்கே?"

இருக்கேன். ஒன்பது வருஷமா காய்கறிக்காரனிடம் சவாவும் சாடேயும் சொல்லி வாங்கியிருக்கேன். பௌனே சொல்ல வேண்டி வந்ததே இல்லையா? வந்திருக்கும். எத்தனை தடவை தப்பாச் சொன்னேனோ, எத்தனை பேர் சிரிச்சானுங்களோ. தமிழில் கால், அரை, முக்கால் மூணும் ஒரே பக்கம் நிக்குது. இவங்க முக்காலை மட்டும் எதுக்குப் பின்னால நடக்க விட்டாங்க?

இப்பத் தெரியுது அந்த ஆள் ஏன் பேரம் பேசலைன்னு. நிமிர்ந்து சொன்னேனாம். தூ.

13-3-1967, திங்கள்

இவர் சொல்கிறார்: "சொன்னது சொன்னதுதான். மூணே முக்காலும் நல்ல ரேட்டுதானே. ரெண்டுக்குக் குடுத்தவ நீ."

பெட்டிக்கு ஒரு ரூபாய் நஷ்டம். நூறு பெட்டிக்கு நூறு ரூபாய். இவர் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

பூங்கோதைக்கு ஒரு ரூபாயாகக் குறைத்தால் கொஞ்சம் சரிக்கட்டலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வீட்டில் சும்மா இருக்கிற பெண்தானே என்று. ஒரு நிமிஷம்தான். ஆனால் அந்த ஒரு நிமிஷமும் எனக்குள் உட்கார்ந்து பேசியது சொக்கலிங்கம் அண்ணன்.

குறைக்கவில்லை.

16-3-1967, வியாழன்

ஹரிபத பாபுவின் கிடங்குக்குப் போனேன். அன்னம்மாள் அக்கா துணைக்கு வந்தாள், வாசலிலேயே நின்றுகொண்டாள். முடிந்த முப்பது பெட்டியையும் கொண்டுபோயிருந்தேன்.

நடந்ததைச் சொன்னேன். எங்கள் பாஷையில் முக்கால் கூடும், உங்கள் பாஷையில் குறையும், நான் எங்கள் வழக்கத்தில் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், வேறு யாருக்காவது நடந்திருந்தால். பிறகு முகம் மாறியது. "ஜபான் தியா ஹை ஆப்னே, தீதி." வாக்குக் கொடுத்தாயே என்கிறார்.

"கொடுத்தேன். இந்த முப்பதும் மூணே முக்காலுக்கே எடுத்துக்குங்க. அது என் நாக்குக்கு அபராதம். மீதி எழுபதும் பௌனே பாஞ்ச்."

எழுபதும் வேண்டாம் என்றுவிட்டார். சொக்கலிங்கம் மூன்றரைக்கே தருவானாம். முன்பணம் போக அறுபத்திரண்டரை ரூபாயை எண்ணிக் கையில் வைத்தார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள், "அழறியா?" இல்லை. கண்ணில் வெயில். ஆனால் பயமாக இருந்தது, அதை இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது.

20-3-1967, திங்கள்

சொக்கலிங்கம் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. கையில் பிஸ்கட் பொட்டலம்.

"எழுபது பெட்டி வேணும் தங்கச்சி. உனக்காக ரெண்டரை போட்டுக் குடுக்கறேன்."

எழுபது என்றதுமே புரிந்தது. ஹரிபத பாபுவிடம் மூன்றரைக்கு ஒத்துக்கொண்டுவிட்டு வந்திருக்கிறார். யார் கையை நம்பி? இந்த ஊரில் இந்தப் பெட்டி செய்கிற கை இரண்டு ஜோடிதான், இரண்டும் என் வீட்டுக் கூடத்தில் சோழி தேய்த்துக்கொண்டிருந்தன.

"எழுபதும் நாலே முக்கால் அண்ணே."

"தங்கச்சி, தங்கச்சி. கேளு தங்கச்சி." ஏழு தடவை எண்ணினேன். ஒரு பைசா இறங்கவில்லை. கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மே மாசம் மழை புடிச்சா வஜ்ஜிரம் காயாது. சோழி ஒண்ணொண்ணா உதிரும். அப்ப நீயே பையைத் தூக்கிட்டு வருவ."

பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுத்தேன். டின் ஏற்கெனவே இருக்கிறது என்றேன்.

30-3-1967, வியாழன்

கட்டிலுக்கு அடியில் இருபத்தாறு பெட்டி. வாங்க ஆள் இல்லை. பூங்கோதைக்கு அன்றாடம் ஒன்றரை மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. இவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால்கூடத் தேவலை.

5-4-1967, புதன்

கப்பல் நாள்.

மாற்றலாகிப் போகிற குடும்பங்கள், லீவில் மெயின்லேண்ட் போகிறவர்கள், வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும் ஜெட்டி வாசலைத் தாண்டித்தான் போகணும். காலையிலேயே ஒரு சாக்கை விரித்து முப்பத்தைந்து பெட்டியை அடுக்கி உட்கார்ந்துவிட்டோம், நானும் பூங்கோதையும். பக்கத்தில் ஒரு அட்டை. அன்றைக்கு எழுதிய அதே ஐந்து வரிக் கணக்கு, தமிழிலும் இந்தியிலும். இந்தியை அன்னம்மாள் அக்கா எழுதிக் கொடுத்தாள். விலையை வாயால் சொல்கிற வேலையே வேண்டாம். எண் எல்லாருக்கும் எண்தான்.

இவர் வரவில்லை. "எங்க ஆபீசர் வீட்டுக்காரங்க பார்த்தா?" என்றார். பார்க்கட்டும், ஒரு பெட்டி வாங்கட்டும் என்றேன்.

முதல் ஆள் ஒரு தடித்த மனிதர். மூன்று ரூபாய்க்குத் தா என்றார். எனக்கே தெரியாமல் வாயில் வந்தது: "சரி. இதில் எந்த வரியைக் குறைக்கணுமோ, அதில் விரல் வைங்க."

அவர் அட்டையைப் பார்த்தார். பலகைமேல் விரல் போயிற்று, வைக்கவில்லை. கூலிமேல் போயிற்று. என் கையைப் பார்த்தார், விரலை எடுத்துக்கொண்டார். வாங்காமல்தான் போனார். ஆனால் குறைக்கவும் இல்லை.

அப்புறம் எல்லாரிடமும் அதையே சொன்னேன். பாதிப் பேர் முறைத்தார்கள். ஒருவர் பஜாரிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்றார், வாங்குங்கள், ஆறு ரூபாய் என்றேன். ஒரு மலையாளத்து நர்ஸ் ஐந்து வரியையும் நின்று படித்தாள். கூட்டிப் பார்த்தாள், உதடு அசைந்தது. சரியாக நாலே முக்காலை எடுத்துக் கொடுத்தாள்.

பதினொன்று விற்றது. கப்பல் ஊதிக்கொண்டு போனபோது பூங்கோதை அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். வெயிலில் இரண்டு பேர் முகமும் கருகிவிட்டது. மனசு நிறைந்திருக்கிறது.

6-4-1967, வியாழன்

இவர் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார். "உங்க வீட்டம்மா ஜெட்டியில கடை போட்டாங்களாமேன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மஸ்டர் ரோல்ல இருக்கற கூலியைத்தான் போட்டிருக்கா, ரேட்டு சரிதான்னேன்."

சொல்லிவிட்டுக் காபி கேட்டார். இரண்டாவது தம்ளரும் கொடுத்தேன்.

17-4-1967, திங்கள்

ஹரிபத பாபு. அதே குடை. ஆனால் இந்தத் தடவை உள்ளே வந்து தரையிலேயே உட்கார்ந்தார். சொக்கலிங்கம் அண்ணனால் ஒரு பெட்டிகூடத் தர முடியவில்லை. யாரையோ வைத்துச் செய்துபார்த்தாராம், ஆட்டினதும் உதிர்ந்ததாம். கல்கத்தாவிலிருந்து தந்தி வந்திருக்கிறது, முதல் முப்பதும் தீர்ந்துவிட்டது என்று.

அட்டையை எடுத்து முன்னால் வைத்தேன்.

அவர் மேலிருந்து கீழே விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். நாலாவது வரியில் நின்றது. இது என்ன என்றார். பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து காட்டினேன். உடைந்த சோழி, கழுத்து வரை. ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார். அதன் கூர் குத்தியிருக்கும், கையை உதறினார். டின்னை மூடினார்.

பிறகு என்னைப் பார்த்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "நா-லே முக்-கால்."

தமிழில்.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை. அன்னம்மாள் அக்காவைத்தான் சந்தேகப்படுகிறேன். எழுபது பெட்டி. மாதக் கடைசிக்குள்.

18-4-1967, செவ்வாய்

சந்தோஷமாக எழுத உட்கார வேண்டிய நாள். மனசு அடித்துக்கொள்கிறது.

காலையில் பூங்கோதை வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். சோழிக் கல்லை எடுக்காமல் சுவரோரம் இருந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள். கூலி 3.50.

"அக்கா, இது யாரு கூலி?"

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. ஆர்டர் பிடித்தது யார், ஜெட்டியில் வாய் வலிக்கப் பேசியது யார், மூன்று வாரம் நாற்றத்துக்குத் திட்டு வாங்கினது யார் என்று கேட்டேன். எல்லாம் கேட்டேன். அவள் விரலை எடுக்கவில்லை.

"சொக்கலிங்கம் அண்ணன் சிப்பிகாட்டுக்கு வந்தாருக்கா. நாளுக்கு ரெண்டு ரூபா தரேன்னாரு. நான் போவல. ஆனா நான் செய்யற பெட்டியும் ஒரு நாள்ல முடியற பெட்டிதானே?"

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அவள் சாயந்தரம் வரை வேலை செய்துவிட்டு, ஒன்றரை ரூபாயை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அந்தப் பொண்ணு போகலையே. ரெண்டு ரூபா தரேன்னும் போகலையே. நான் என்ன பேச்சுப் பேசிட்டேன்.

என் அலைச்சலுக்கு ஒரு வரி வேணும், அதுவும் நியாயம்தான். ஆனா அட்டையில இல்லையே. நானே எழுதலையே. எழுதாததை அவ கூலியிலேர்ந்து எடுத்துக்கிட்டிருந்தேன். கடை வாடகை யார் குடுப்பான்னு அவர் கேட்டாரே, அதே கேள்விதான். தங்கச்சின்னு கூப்பிடாதது ஒண்ணுதான் பாக்கி.

22-4-1967, சனி

பூங்கோதைக்கு நேற்றிலிருந்து மூன்றரை. கையில் வாங்கி எண்ணிப் பார்த்து, "சாடே தீன்" என்றாள் சிரித்துக்கொண்டே. அதில் தப்பு வராது. அரை என்பது இரண்டு பாஷையிலும் ஒரே பக்கம்தான் நடக்கிறது. பழைய நாட்களின் பாக்கியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறந்து போகாமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன்.

எழுபதையும் ஹரிபத பாபுவுக்குச் சொன்ன விலைக்கே கொடுத்துவிடுவேன். அதற்கு அப்புறம் வருகிற கப்பலுக்குப் புது அட்டை எழுதியாகிவிட்டது. கூலிக்குக் கீழே இன்னொரு வரி: அலைச்சல் 0.25. மொத்தம் ஐந்து ரூபாய். முழு எண். எந்த பாஷைக்காரனும் கழிக்க முடியாது.

பூங்கோதையிடம் காட்டினேன். பலகையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தாள். அலைச்சலில் கொஞ்சம் நின்றாள். அப்புறம் சரிதான் என்று சொல்லிவிட்டுக் கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.